இல்லாத குளவிக்கு ஆன செலவு

மாரண்டஹள்ளி பஸ்ஸின் கண்டக்டர்தான் முதலில் சொன்னார். பாலக்கோட்டில் என் டயர் ரீட்ரெடிங் கடைக்கு எதிரே வண்டியை நிறுத்தச் சொல்லி, படியில் நின்றபடியே, "உங்க ஏரோப்ளேன் பார்ட்னர் போயிட்டாருங்க. வெடியக்காத்தால, தூக்கத்துலயே" என்றார். விசில் ஊதினார், வண்டி நகர்ந்துவிட்டது. கையில் இருந்த டயரைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றேன். அருளப்பன் அண்ணன் என்றைக்காவது விமானத்தோடுதான் போவார் என்று ஊரே பேசி வைத்திருந்தது. அவரோ கட்டிலில், போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, யாருக்கும் தொந்தரவில்லாமல் போயிருக்கிறார். ஊர் சொன்னபடி எதையாவது செய்யும் பழக்கம் அவருக்கு எப்போதுமே இருந்ததில்லை.

அவரோடு பழகிய உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறேன்? தக்காளி மண்டிக்காரர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பிரசங்கம் நீண்டால் கொட்டாவி விடுகிறவர். பெங்களூருக்குத் தக்காளி லாரியோடு போய்வந்த காலத்தில், அங்கே ஒரு ஃப்ளையிங் கிளப்பில் சேர்ந்து விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டவர். எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த கிளப், இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய ஒரு பழைய விமானத்தைக் கழித்துக்கட்டியபோது, பாதிப் பணம் போட ஓர் ஏமாளியைத் தேடினார். கிடைத்தான். அது நான்.

"மேல இருந்து பாத்தா எந்த ஊர்ல தக்காளி எவ்ளோ செவந்திருக்குன்னு தெரிஞ்சிரும் சென்னப்பா. வெலைய முன்னாடியே சொல்லிரலாம்" என்று சொல்லித்தான் என்னை இழுத்தார். அவருடைய மேட்டுக்காட்டைச் சமப்படுத்தி ஓடுபாதை போட்டு, முதல்முறை என்னை ஏற்றிக்கொண்டு மேலே போனபோது, தக்காளியும் தெரியவில்லை, செடியும் தெரியவில்லை. எல்லாம் பச்சையாகவும் செம்மண்ணாகவும் இருந்தது. "எங்கண்ணா தக்காளி?" என்றேன். "கொஞ்சம் கீழ போனாத் தெரியும்" என்றார். எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் அன்று அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்த பிறகு, போட்ட பணத்தைப் பற்றி நான் பேசவில்லை. அதாவது, ஒரு வாரம் வரைக்கும் பேசவில்லை.

வாங்குவதற்கு ஆன செலவு ஒருமுறையோடு முடிந்தது. வைத்திருப்பதற்கான செலவுக்கு முடிவே இல்லை. நான் லாரிகளோடு வளர்ந்தவன். லாரியில் எது கெட்டுப்போகிறதோ அதை மாற்றுவோம். விமானத்தில் கெடாததை மாற்றச் சொல்கிறார்கள். இத்தனை மணி நேரம் ஓடியதா, எண்ணெயைக் கொட்டு. ஓடவே இல்லையா, சும்மா நின்றதற்காக இன்னொரு சோதனை. வருடத்துக்கு ஒருமுறை பெங்களூரிலிருந்து இன்ஜினியர் வாடகைக் காரில் வருவார். விமானத்தைப் பிரித்துப் பரப்பி, டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் பறக்கத் தகுதி என்ற சான்றிதழ் புதுப்பிக்கப்படும். அவர் கூலி, கார் வாடகை, சாப்பாடு, வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய சாமான், அந்தச் சாமானுக்கு மேலே சுங்க வரி. டயர் தேய்ந்திருக்கிறது என்றார் ஒருமுறை. "நம்ம கடைலயே ரீட்ரெட் போட்டுர்றனுங்க" என்றேன். அந்த மனிதர் சிரித்த சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அண்ணன் எதற்கும் பேரம் பேசமாட்டார். தக்காளிக் கூடைக்கு நாலணா குறைக்க அரைமணி நேரம் வாதாடுகிற மனிதர், இன்ஜினியர் கேட்டதை மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுப்பார். நான் முணுமுணுத்தால் ஒரே பதில்தான். "பறக்கறதுக்கு நாம பணம் கட்டலப்பா. எறங்கறதுக்குக் கட்டறோம்." அதற்காக அவர் கடைசிவரை கார் வாங்கவில்லை. மண்டிக்கு லூனா மொபெட்டில்தான் போனார். விமானக் கொட்டகைக்குப் புதுத் தகடு போட்ட வருடம், அவர் மனைவி லூர்து அக்கா என்னிடமே சொன்னார்: "உங்க ஏரோப்ளேன் வூடு ஒழுவுலங்க. எங்க வூடுதான் ஒழுவுது."

அந்தக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டது மாதம்மா. ஓடுபாதையில் புல் செதுக்குவது, ஆடுமாடு வராமல் விரட்டுவது, தினமும் விமானத்தைத் துணியால் துடைப்பது எல்லாம் அந்த அம்மாதான். கிணறு வெட்டும்போது மண் சரிந்து அவர் புருஷன் இறந்துபோயிருந்தார். நான் சொல்லவந்த சம்பவம் ஓர் ஆயுத பூஜையில் தொடங்குகிறது. அண்ணன் கிறிஸ்தவர். வாங்கிய அன்றே சாமியாரை அழைத்து விமானத்துக்குத் தீர்த்தம் தெளித்தாயிற்று. ஆனாலும் மண்டி ஆட்கள் ஆயுத பூஜைக்கு லாரிகளுக்குச் செய்வதையெல்லாம் விமானத்துக்கும் செய்வார்கள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், பூசணிக்காய், பொரிகடலை. யார் பொட்டு வைப்பது என்று அந்த வருடம் பேச்சு வந்தபோது, அண்ணன், "மாதம்மா வெக்கட்டும்" என்றார்.

ஆட்கள் முகம் மாறியது. தாலி இல்லாத பெண் மங்கல காரியத்தில் கைவைப்பதா? மண்டி டிராக்டர் டிரைவர் வாய்விட்டே கேட்டான். "அவங்க கையால வேணாங்க. நல்லதுக்கு இல்லீங்க." மாதம்மாவும் பின்னால் நகர்ந்துவிட்டார். அண்ணன் குரலை உயர்த்தவில்லை. "தெனமும் தொடைக்கிற கை. ஒரு நாளைக்குப் பொட்டு வெக்கக்கூடாதா?" என்று சந்தனக் கிண்ணத்தை எடுத்து அந்த அம்மா கையில் கொடுத்தார். மாதம்மா வைத்தார். எத்தனை வருட ஆசையோ, ஓர் இடம் விடாமல் வைத்தார். மூக்கில், கதவில், சக்கரத்தில், வாலில், இறக்கைக்கு அடியில் விரல் தடிமனில் முன்னால் நீட்டிக்கொண்டிருந்த சின்னக் குழாயின் நுனியிலும்.

அந்தக் குழாயைப் பற்றிச் சொல்லவேண்டும். பறக்கும்போது காற்று அதற்குள் புகுந்தால்தான் உள்ளே வேகம் காட்டும் முள் நகரும். வேகம் குறைந்தால் விமானம் கீழே விழும், கூடினால் இறங்கும்போது ஓடுபாதை போதாது. மறுநாள் விஜயதசமி, காலையில் நானும் ஏறினேன். கிளம்பும் முன் விமானத்தைச் சுற்றிவந்து, கையால் தொட்டுப் பார்ப்பது அண்ணனின் வழக்கம். அன்றும் சுற்றினார். குழாயையும் பார்த்தார். எல்லா இடத்திலும் பொட்டு இருந்ததால், அதையும் பொட்டாகத்தான் பார்த்தார்.

தரையை விட்டு எழும்பிய பிறகுதான் முள் பூஜ்யத்திலேயே படுத்துக் கிடப்பதைக் கவனித்தார். திரும்ப உட்கார்த்த ஓடுபாதை மிச்சமில்லை, எதிரே ஓடை. அண்ணன் இன்ஜின் சத்தத்தைக் காதால் கேட்டு, பிடியின் கனத்தைக் கையால் பார்த்து, ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினார். நான் எங்கள் குலதெய்வத்தில் தொடங்கி வேளாங்கண்ணி மாதா வரைக்கும் கூப்பிட்டேன். வேகம் அதிகமாகவே தொட்டோம். ஒரு டயர் வெடித்தது. வேலியை ஒட்டிப் போய் நின்றோம்.

இறங்கியதும் அண்ணன் நேராக அந்தக் குழாயிடம் போனார். காய்ந்து இறுகிய சந்தனம், அதன் மேல் குங்குமம். நகத்தால் சுரண்டினார். அதற்குள் கொட்டகைப் பக்கமிருந்து ஆட்கள் ஓடிவருகிறார்கள், முன்னால் மாதம்மா. "என்ன ஆச்சுங்கண்ணா?" அந்த அம்மாவின் முகத்தையும், பின்னால் வந்த டிராக்டர் டிரைவர் முகத்தையும் அண்ணன் பார்த்தார். விரல் நுனியை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "குளவி, மாதம்மா. கொழாய்க்குள்ள குளவி கூடு கட்டிருச்சு. இவ்ளோ பெருசு" என்று கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் காட்டினார். உண்மையில் அந்த அளவில் ஒரு குளவி இருந்தால், அது அந்தக் குழாய்க்குள் தலையைக்கூட நுழைக்க முடியாது.

இன்ஜினியர் வந்தார். குளவி என்று கேள்விப்பட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். குளவி என்றால் மண் கொண்டுவந்திருக்கும், மண் உள்ளே போயிருக்கும், சும்மா துடைத்துவிட்டு விடமுடியாது என்றார். இறக்கையின் மூடிகளைத் திறந்து, குழாயை முழு நீளத்துக்கும் கழற்றி, வேகமானியைப் பெங்களூருக்கு அனுப்பி, எல்லாம் செய்தார். "ஏன் சார், ஒரு சிட்டிகை மண்ணுகூட இல்லியே?" என்று அவர் ஆச்சரியப்பட்டபோது அண்ணன், "கெட்டிக்காரக் குளவிங்க" என்றார். பில் வந்தது. பாதி என்னுடையது. என்னைக் கேட்காமலே என் பங்கையும் சேர்த்துத்தான் அந்தப் பொய்யைச் சொல்லியிருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. இன்ஜினியரிடமாவது உண்மையைச் சொல்லியிருந்தால், இதில் முக்கால்வாசி வேலை இருந்திருக்காது என்று சண்டை போட்டேன். "அவரு கார் டிரைவர்கிட்ட சொல்லுவாரு. டிரைவர் டீக்கடைல சொல்லுவான். பொழுது சாயறதுக்குள்ள, தாலி அறுத்தவ பொட்டு வெச்சா இப்படித்தான்னு ஊரு பூரா பேசும். அதுக்கப்புறம் எந்த வூட்டு வாசல்லயும் அந்தப் பொம்பளைய நிக்க வுடுவாங்களா?" என்றார். நான் விடவில்லை. அவர் சொன்னார்: "அவ வெச்சது பொட்டு, சென்னப்பா. அது அடைப்புன்னு பாக்காம வுட்டது நானு. பாக்கவேண்டியது ஓட்டறவன் வேலை. நான் பண்ணதுக்கு நான்தான கட்டணும்?" பாதி நான் கட்டுகிறேன் என்பதை அப்போது நினைவுபடுத்தத் தோன்றவில்லை.

அடுத்த வருட ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணம் மறுபடியும் மாதம்மா கைக்குத்தான் போனது. இந்தமுறை டிரைவர் வாயைத் திறக்கவில்லை. பூஜைக்கு முன்பே அண்ணன் மாதம்மாவிடம், "குளவி மறுபடி வராம அந்தக் கொழாய்க்கு ஒரு உறை தெச்சுக் குடு" என்று கேட்டிருந்தார். சிவப்புப் புடவைக் கரையில், தூரத்திலிருந்தே கண்ணில் படுகிற மாதிரி வால் தொங்க, தைத்துக் கொடுத்தார். அதிலிருந்து வருடா வருடம் ஒரு புது உறை. பராமரிப்பு வகையில் எனக்குப் பங்கு வராத ஒரே செலவு அதுதான்.

அடக்கத்துக்குக் கூட்டம் தாங்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் சாமியார் செபம் முடித்து எல்லாரும் ஒருபிடி மண் போட்ட பிறகு, மாதம்மா ஓரமாக என்னிடம் வந்தார். கையில் இந்த வருடத்து உறை. "அன்னைக்கு நெசமாவே குளவிதானுங்களாண்ணா?" என்று கேட்டார். நான் யோசிக்கவேயில்லை. "குளவிதான் மாதம்மா. என் கண்ணால பாத்தேன். இவ்ளோ பெருசு" என்று விரலை விரித்தேன்.

மாதம்மா என் விரல்களைப் பார்த்தார். அழுதுகொண்டிருந்த முகத்தில் சிரிப்பு வந்தது. "அவரும் இதே அளவுதானுங்க காமிச்சாரு. எனக்கு அன்னைக்கே தெரியுங்கண்ணா. மக்காநாள் தொடைக்கறப்ப பாத்தேன், கொழா வாயில என் சந்தனம், நகத்துல சொரண்டுனது. அவரு அவ்ளோ செலவு பண்ணி மறச்சத நானே போயி ஒடைக்கறதான்னு இருந்துட்டேன்." மூக்கைச் சிந்திக்கொண்டு, பிறகு திடமாகச் சொன்னார். "இனி யாரு கேட்டாலும் நெசத்தையே சொல்லுங்கண்ணா. எம் பொட்டுதான்னு சொல்லுங்க. அவரு எப்படியாப்பட்ட மனுசன்னு தெரியட்டும்." அந்த அம்மா சொன்னதால்தான் இதை எழுதுகிறேன்.

விமானத்தை விற்றுவிட லூர்து அக்கா சொல்லிவிட்டார். விற்கத்தான் வேண்டும், ஓட்ட ஆளில்லை. வாங்க வருகிறவரிடம் எண்ணெய் மாற்றியது, டயர் மாற்றியது எல்லாம் சொல்வேன். மாதம்மாவின் உறையும் விமானத்தோடு போகும், அது அங்கேதான் இருக்கவேண்டும். என் பங்குக்கு நான் வைத்துக்கொள்வது அந்தக் குளவியை மட்டும். பாதிப் பணம் கட்டியவன் என்ற முறையில் அதில் எனக்கு உரிமை இருக்கிறது. என் எதிரில் யாராவது ஒரு மனுஷியை ஊர் குற்றம் சொல்லத் தயாராகும்போது, அண்ணா, நானும் இரண்டு விரலை விரித்துக் காட்டுவேன். ஆகிற செலவை, முணுமுணுத்துக்கொண்டாவது, முழுசாகக் கட்டுவேன்.