வலப்பக்கத்துப் படி

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக லொறி வாங்கியவர் சித்திதான். லொறி என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். பிக்கப் என்று சொல்லவேண்டும். அம்மா கடைசிவரை லொறி என்றே சொன்னார்.

ஜெர்மனியின் ஹம் நகரத்தில் எங்கள் மாடிக்குடியிருப்பின் கீழே வெள்ளைக்கோடு போட்டு வீட்டுக்கொரு தரிப்பிடம் ஒதுக்கியிருந்தார்கள். அந்தக் கோடுகளைப் போட்டவர்கள், அமெரிக்காவில் செய்த வாகனமொன்று அங்கே வந்து நிற்கும் என்று எதிர்பார்த்திருக்கவில்லை. மூக்கை உள்ளே விட்டால் பின்பெட்டி தெருவில் நிற்கும். பின்பெட்டியை உள்ளே விட்டால் மூக்கு நடைபாதையில் போகிறவர்களை முகர்ந்து பார்க்கும். சித்தி அதை முதல்முறை கொண்டுவந்து நிறுத்திய பின்னேரம், எஞ்சின் உறுமிய உறுமலில் எங்கள் கண்ணாடி அலுமாரிக்குள் இருந்த கோப்பைகள் கிணுகிணுத்தன. அம்மா பல்கணிக்கு ஓடினார். பார்த்தார். உள்ளே வந்தார். திரும்பவும் ஓடிப்போய்ப் பார்த்தார்.

“ஆற்றை லொறியடி இது?”

“என்ரைதான் அக்கா,” என்றார் சித்தி கீழே நின்றபடி. “பிக்கப்.”

சித்தி அம்மாவின் ஒரே தங்கை. எங்களோடுதான் இருந்தார். முதியோர் இல்லமொன்றில் தாதி வேலை. அவர் ஓரிடத்தில் உட்கார்ந்து ஒரு தேநீரை முழுதாகக் குடித்ததை நான் கண்டதில்லை. பாதிக் கோப்பையை யன்னலோரம் வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த சின்னக் காரை விற்றுவிட்டு இந்தப் பூதத்தை ஏன் வாங்கினார் என்று கேட்டதற்கு, “எனக்கு இடம் காணாது” என்று மட்டும் சொன்னார். சித்தி என்னைவிடக் கொஞ்சம்தான் உயரம். நான் இரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா அப்போது சித்திக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தார். லண்டனுக்கும் சுவிஸுக்கும் தொலைபேசி எடுத்து, சித்தியின் படிப்பு, வேலை, கைப்பக்குவம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவருவார். இப்போது அந்த வரிசையில் லொறியை எந்த இடத்தில் செருகுவது என்று தெரியாமல், தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு சமையலறைக்கும் பல்கணிக்குமாக நடந்தார்.

வண்டி பழையது. நின்ற இடத்திலெல்லாம் எண்ணெய் சொட்டியது. சித்தி அதன் வயிற்றுக்குக் கீழே காட்போட் மட்டையை விரித்துவைத்தார். காற்று அடித்து மட்டையைக் கீழ்வீட்டு ஜெர்மன்காரியின் ரோசாச் செடிக்குக் கொண்டுபோனது. குளிர் நாட்களில் எஞ்சின் பிடிக்காது. பிடித்தால் நிற்காமல் குலுங்கும். இதற்கெல்லாம் மேலாக, வாகனப் பரிசோதனைக்குக் குறித்துக் கொடுத்த நாள், டெர்மின், நெருங்கிக்கொண்டிருந்தது. அதில் தேறாவிட்டால் வண்டியைத் தெருவில் ஓட்ட முடியாது.

கால்வாய்த் துறைமுகத்துப் பக்கம் ஒரு பட்டறை இருந்தது. வாகனத்தைத் தூக்கி நிறுத்தும் மேடையை அங்கே வாடகைக்கு எடுத்து, அவரவர் வேலையை அவரவர் செய்துகொள்ளலாம். சனிக்கிழமைகளில் சித்தி அங்கே போவார். அம்மா என்னையும் கூட அனுப்புவார். துணைக்கு என்று சித்தியிடம் சொல்வார். என்னிடம், “உவள் உங்கை போய் என்ன செய்யிறாள், ஆரோடை கதைக்கிறாள் எண்டு பாத்துக்கொண்டு வா” என்பார்.

நான் பார்த்துக்கொண்டு வந்து சொல்வேன். சித்தி யாரோடும் கதைக்கவில்லை, துருவோடுதான் சண்டை போட்டார் என்பேன். அது உண்மை. கம்பித் தூரிகையால் அடித்தளத்தைத் தேய்த்துத் தேய்த்து, துரு அவருடைய கண்ணிமையிலெல்லாம் படிந்திருக்கும். உக்கிப்போன பிரேக் குழாய்களைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுக்குழாய்களை முழங்காலில் வைத்து வளைத்துப் பூட்டினார். அமெரிக்காவில் பின்பக்கச் சமிக்ஞை விளக்கு சிவப்பாக மின்னினால் போதுமாம், இங்கே மஞ்சளாக மின்னவேண்டும். அதற்காக ஒரு சனிக்கிழமை முழுவதும் வயர்களோடு மல்லுக்கட்டினார். கைகள் ஓயாது. ஒரு திருகாணியை இறுக்கும்போதே கண் அடுத்த திருகாணியில் நிற்கும்.

பிறகு அவர் செய்தவைதான் எனக்குப் பிடித்தவை. வலது பக்கக் கதவுக்குக் கீழே, தரையிலிருந்து அதிக உயரமில்லாமல், அகலமான இரும்புப் படியொன்றைப் பொருத்தினார். கதவோரத் தூணில் உருண்டையான கைபிடி ஒன்றைப் பூட்டினார். இடது பக்கம் ஒன்றுமில்லை. இந்த நாட்டில் ஓட்டுபவரின் இருக்கை இடது பக்கம்; சித்தி அந்தப் பக்கத்தால் தொங்கித்தான் ஏறவேண்டும். வலப்பக்கம் நான் ஏறுகிற பக்கம். ஆகவே படியும் கைபிடியும் எனக்கென்று நான் தீர்மானித்துக்கொண்டேன். வகுப்பிலும் சொல்லிவிட்டேன்.

ஆனால் அடுத்த கிழமை வலப்பக்க இருக்கையைக் கழற்றி, பட்டறைக்காரரின் உதவியோடு அதன் தண்டவாளத்தை நன்றாகப் பின்னுக்கு நகர்த்திப் பூட்டினார். அதில் நான் உட்கார்ந்தால் கால் எங்கேயும் முட்டாது. முன்னாலே ஒரு கன்றுக்குட்டியைப் படுக்கவிடலாம்.

“சித்தி, எனக்கு இது பெரிசு.”

“நீ வளருவாய்தானே,” என்றார் அவர், என்னைப் பாராமல்.

அன்றுதான் அவர் அந்த விளையாட்டைத் தொடங்கினார். ஒரு நீளப் பலகைத்துண்டை எடுத்துத் தன் வலது காலில், தொடையிலிருந்து கணுக்கால்வரை வைத்து, வேலைத்தலத்திலிருந்து கொண்டுவந்த பண்டேஜ் துணியால் வரிந்து கட்டினார். முழங்கால் மடங்காது. அந்தக் காலை இழுத்துக்கொண்டு வண்டிக்கு வந்து, முதுகை இருக்கைப் பக்கம் திருப்பி, கைபிடியைப் பிடித்து, நல்ல காலைப் படியில் வைத்து எம்பினார். விழுந்தார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவரும் சிரித்தார். பிறகு சிரிக்காமல் எழுந்து கைபிடியைக் கழற்றி, ஒரு சாண் கீழே இறக்கிப் பூட்டி, மீண்டும் ஏறினார். இருக்கையில் குந்திவிட்டார், ஆனால் கட்டிய கால் கதவுத் தூணில் இடித்தது. கெட்ட வார்த்தை ஒன்றை ஜெர்மன் மொழியில் சொன்னார். இருக்கையை இன்னும் தள்ளினார். கால் ஒருமுறை இடிக்காமல் உள்ளே போனதும், அப்படியே கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். எனக்கும் கட்டிவிடச் சொன்னேன். அந்தப் பின்னேரம் முழுவதும் இரண்டு பேரும் மாறி மாறி ஏறி இறங்கினோம்.

இதை அம்மாவிடம் சொல்லவில்லை. யாரோடு கதைத்தார் என்றுதான் அம்மா கேட்டார், என்ன விளையாடினோம் என்று கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுவிஸிலிருந்து மாப்பிள்ளையும் அவருடைய தாயும் வந்தார்கள். அம்மா விடியற்காலையிலிருந்தே பறந்துகொண்டிருந்தார். வண்டியை இரண்டு தெரு தள்ளி நிறுத்தச் சொல்லியிருந்தார். சித்தி சேலை கட்டி, கதிரையின் நுனியில், எழுந்து ஓடப்போகிறவர்போல உட்கார்ந்திருந்தார். பெரியவர்கள் விமான நிலையங்களைப் பற்றிக் கதைத்தார்கள். எனக்கு அலுத்தது. சமையலறைக்குப் போய் நீள அகப்பை ஒன்றை எடுத்து அம்மாவின் சால்வையால் காலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, பலகாரத் தட்டோடு வரவேற்பறைக்குள் விறைத்த காலை இழுத்து இழுத்து நடந்து வந்தேன்.

மாப்பிள்ளையின் தாய் பதறிப்போனார். “ஐயோ, பிள்ளைக்குக் காலிலை என்ன?”

“ஒண்டுமில்லை. இது சித்தியின்ரை விளையாட்டு. சித்தி கால் மடக்காமல் பிக்கப்பிலை ஏறிப் பழகிறா. படி போட்டவ. சீற்றையும் பின்னாலை தள்ளினவ.”

மாப்பிள்ளை சிரித்தார். அவருடைய தாயும் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. காலையிலிருந்து நில்லாமல் ஓடிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் சித்தியைப் பார்த்தார். சித்தி தலையைக் குனியாமல் அம்மாவைப் பார்த்தார். அப்பா மாப்பிள்ளையிடம், “சுவிஸிலை இப்ப குளிர் எப்பிடி?” என்று கேட்டார். அதை அவர் ஏற்கெனவே கேட்டிருந்தார்.

அவர்கள் போனபின் சமையலறைக் கதவு சாத்தப்பட்டது. நான் வெளியே நின்று கேட்டேன்.

“அவரோ? நான் அண்டைக்கே ஏலாது எண்டு சொன்னனான் எல்லோ?” என்றார் அம்மா.

“நீங்கள் சொன்னனீங்கள். நான் ஓம் எண்டு சொல்லேல்லை.”

“வேலையிலையும் ஆக்களைத் தூக்கிறாய். வீட்டை வந்தும் தூக்கப்போறியோ? ஆயுசு முழுக்கத் தூக்கப்போறியோ? என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு இந்த நாட்டிலை வந்து இறங்கின பிள்ளையடி நீ.”

“நான் தூக்கமாட்டன் அக்கா.” சித்தியின் குரல் உடைந்திருந்தது. “என்ரை சின்னக் காரிலை அவர் பின்சீற்றிலை குறுக்காலை படுத்துத்தான் வரவேணும், சாமான் மாதிரி. இதிலை அவர் முன்னுக்கு இருப்பார். தானா ஏறுவார். அதுக்குத்தான் நான் உந்தப் பாடுபடுறன்.”

அவர் என்று அவர்கள் சொன்னவர் டோட்முண்டில் ஒரு தொலைபேசி திருத்தும் கடையில் வேலை செய்தவர். ஊரில் ஷெல் துண்டு பட்டு வலது முழங்கால் இறுகிவிட்டது. ரயிலில் அவருடைய நீட்டிய காலில் தடக்கி விழுந்துதான் சித்தி அவரைச் சந்தித்தாராம். இதெல்லாம் நான் பின்னாளில் கேட்டு அறிந்தவை. அன்று எனக்கு விளங்கியது ஒன்றுதான்: படி எனக்காகப் போட்டதல்ல.

பரிசோதனைக்குச் சித்தி என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நான் முகத்தை நீட்டிக்கொண்டு இருந்தேன். பரிசோதகர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். மஞ்சள் விளக்குக்குத் தலையாட்டினார். நகர்த்திய இருக்கையைக் கண்டதும் புருவத்தை உயர்த்தினார். உட்கார்ந்து குதித்தார், பட்டியை இழுத்தார், கைபிடியில் தன் முழுப் பாரத்தையும் தொங்கவிட்டு ஆட்டினார். சித்தி கைவிரல்களைச் சொடுக்கியபடி நடந்துகொண்டே இருந்தார். இருக்கைக்குக் குறையில்லை என்று முடிவாயிற்று. ஆனால் பிரேக் குழாயின் ஒரு மூட்டில் ஈரம் கசிகிறது, தேறாது என்று அவர் சொன்னார். சித்தி நேரே பட்டறைக்கு ஓட்டினார். கீழே படுத்து, அந்த மூட்டைக் கழற்றிப் புதிதாகப் போட்டு இறுக்கி, முகமெல்லாம் பிரேக் எண்ணெயோடு நிலையத்தைப் பூட்டுமுன் திரும்பி வந்து நின்றார். பரிசோதகர் விரலால் மூட்டைத் தடவிப் பார்த்தார். விரல் காய்ந்திருந்தது.

“ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு வாறன்,” என்று சித்தி அன்றிரவு பொதுவாகச் சொன்னார். அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். ஆனால் ஞாயிறு காலை மீன் வாங்கியிருந்தார்.

ரயில் நிலையத்துக்கு நானும் போனேன், சித்தியின் முதுகுக்குப் பின்னால் இருந்த ஒடுங்கிய பின்னிருக்கையில். மழையும் காற்றும். மெலிந்த, கண்ணாடி போட்ட ஒருவர் ஊன்றுகோலோடு வந்தார். சித்தி கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். அவர் முதுகைத் திருப்பி, கைபிடியைப் பிடித்து, படியில் காலை வைத்து எம்பினார். ஈரத்தில் கால் வழுக்கியது. ஊன்றுகோல் விழுந்தது. நான் பின்னிருக்கைக் கதவால் குதித்து ஓடினேன். சித்தி என் சட்டைக் கொலரைப் பிடித்து நிறுத்தினார்.

“தொடாதை.”

வழியால் போன ஒரு ஜெர்மன்காரர் உதவ வந்தார். அவரையும் சித்தி வேண்டாம் என்றார். பிறகு இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு நின்றார். மழை அவருடைய முகத்தில் வழிந்தது. அந்த மனிதர் மறுபடி எம்பினார், மறுபடி சறுக்கினார், மூச்சு வாங்கினார். நெடுநேரம் ஆனதுபோல எனக்குப் பட்டது. கடைசியில் இருக்கையில் குந்தி, பின்னுக்கு அரக்கி, விறைத்த காலைச் சுழற்றி உள்ளே எடுத்தார். கால் எங்கேயும் இடிக்கவில்லை.

“படி நல்லாயிருக்கு,” என்றார் மூச்சிரைக்க. “கால்தான் பழசு.”

சித்தி ஊன்றுகோலை எடுத்துக் கொடுத்து, கதவைச் சாத்திவிட்டு, மழைக்குள் சுற்றிக்கொண்டு ஓடினார்.

வீட்டில், அப்பாவும் அவரும் வரவேற்பறையில் இருந்தபோது, அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார். “அவர் எப்பிடி ஏறினவர்?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டிருந்தது. “விழப்பாத்தவர் அம்மா. ரெண்டுதரம். சித்தி ஒரு கை குடுக்கேல்லை. என்னையும் விடேல்லை. வேலையிலை எல்லாரையும் தூக்கிறா, இவரை மட்டும் தொடவே இல்லை. மழைக்கை பேசாமல் கையைக் கட்டிக்கொண்டு நிண்டவ.”

“கையைக் கட்டிக்கொண்டோ நிண்டவள்?”

“ஓம். கடைசிவரைக்கும். சித்திக்கு அவரிலை விருப்பமே இல்லை அம்மா.”

அம்மா அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டார். கறியை நெடுநேரம் கிண்டினார். பிறகு, “ஓம் பிள்ளை, அப்பிடித்தான் போலை” என்றார். அவருடைய குரல் ஏதோ மாதிரி இருந்தது. வந்தவருக்கென்று ஒரு தட்டை எடுத்து, சட்டியில் இருந்த பெரிய மீன் துண்டைத் தேடி அதில் வைத்தார். பிறகு இன்னொன்றையும் வைத்தார்.

எனக்கு அந்த மனிதரை நினைக்கப் பாவமாக இருந்தது. இவ்வளவு தூரம் ரயிலேறி வந்திருக்கிறார், சித்திக்குத் தன்மேல் அன்பில்லை என்பது அவருக்கு இன்னும் தெரியாது. சாப்பிடும்போது அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, யாரும் பார்க்காத நேரத்தில் என் அப்பளத்தை எடுத்து அவருடைய தட்டில் வைத்தேன்.