ஃபில்டரில் ஏறிய ஆயில்

என் பழைய டீசல் காரின் ஏர் ஃபில்டர் இன்ஜின் ஆயிலில் ஊறிக் கிடந்தது. தேன்கனிக்கோட்டையில் டிரைவர் மாதப்பன் வீட்டு வாசலுக்கே போய், "வண்டியைப் பாழாக்கிட்ட, இனி வேலைக்கு வராத" என்று கத்தினேன்.

மறுநாள் ஓசூர் மெக்கானிக் ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தார். "ஆயில் அளவுக்கு மேல நிக்குது சார். அதான் இன்ஜின் புகையை வெளிய விடற பிரீதர் குழாய் வழியா ஃபில்டருக்கு ஏறிடுச்சு. யார் ஊத்துனது?"

போன வாரம் அளவு பார்க்காமல் ஊற்றியவன் நான்தான்.

அங்கிருந்தே மாதப்பனுக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். "திரும்ப வந்துடுப்பா."

"அதிக ஆயிலை எறக்கிட்டு ஓட்டுங்க சார், இல்லேன்னா இன்ஜின் போயிடும்" என்றார் நிதானமாக. "நான் வரல. எம் மவ முன்னாடி கத்திட்டீங்க."

இப்போது காரை நானே ஓட்டுகிறேன். பழுது ஒன்றும் இல்லை. தவற்றை ஒப்புக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அதுவரை நம்பியிருந்தேன்.