ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல்

என் மகள் கல்லூரியில் வேதியியல் எடுத்திருக்கிறாள். தனிமங்களின் அட்டவணையை அறைச் சுவரில் ஒட்டிவைத்து, இடது ஓரத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தவற்றை எனக்குப் படித்துக் காட்டினாள். லித்தியம், சோடியம், பொட்டாசியம். "இதெல்லாம் தண்ணி பட்டாலே பத்திக்கும்மா" என்றாள். கண்ணில் தெறித்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"துணுக்கு ஒட்டியிருந்தா எடுத்துட்டு, உடனே குழாயத் திறந்து கழுவிட்டே இருக்கணும். நெறைய தண்ணி."

"தண்ணியா?"

"ஆமாம்மா. தெறிக்கறப்பவே அது காரமா மாறியிருக்கும். அதைப் போக்கறதுக்குத் தண்ணிதான். மொத நாளே சொல்லிக் குடுத்துட்டாங்க."

அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை.

நான் சிறுமியாக இருந்தபோது, இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. நாமக்கல்லுக்கு மேற்கே எங்கள் தோட்டம். சீமெண்ணெய் கிடைக்காமல் பொழுது சாய்வதற்குள் உண்டு முடித்துப் படுத்துவிடுவோம். அம்மாவின் தம்பி சேலத்தில் தங்கிக் கல்லூரியில் படித்துவந்தார். எங்கள் சொந்தத்தில் அவ்வளவு தூரம் படிக்கப் போனவர் அந்த மாமா ஒருவர்தான். விடுமுறைக்கு வரும்போது செவ்வாய்ப்பேட்டையில் படிகாரம் வாங்கி வரும்படி அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். மழையில் எங்கள் கிணறு செம்மண்ணாய்க் கலங்கிக் கிடந்தது; படிகாரம் போட்டால்தான் தண்ணீர் தெளியும்.

மாமா படிகாரத்தை மறந்துவிட்டார். அதற்குப் பதிலாக, கல்லூரியில் யாருக்கும் தெரியாமல் எடுத்த ஒரு சீசாவைக் கொண்டுவந்தார். சீமெண்ணெய்க்குள் நெல்லிக்காய் அளவில் சாம்பல் பூத்த ஒரு கட்டி கிடந்தது. அதில் மிளகளவு நறுக்கினார். வெட்டிய இடம் வெள்ளியாய் மின்னியது. ஒரு வட்டிலில் தண்ணீர் ஊற்றிப் போட்டதும் அந்தத் துணுக்கு முத்தாய் உருண்டு, சீறிக்கொண்டு ஓடி, பட்டென்று பற்றி மறைந்தது.

அப்பா கட்டிலைவிட்டு எழவில்லை. "நம்மூர்ல தண்ணி ஊத்துனா நெருப்பு அணையும். உங்க சேலத்துல பத்திக்குமாட்ட இருக்குது, மாப்பள!"

"தண்ணி மட்டும் இதுக்கு ஆகாதுங்க மாமா. எண்ணெயில கெடந்தா பரம சாது" என்றார் மாமா, ஒரு பேராசிரியரின் தோரணையில்.

அம்மா அப்போது காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் வந்ததும், தண்ணீரில் வெள்ளி முத்து ஓடியது என்று மூச்சுவாங்கச் சொன்னேன். "சரி சாமி, சோறு உண்ணு" என்றாள்.

மறுநாள் காலை நான் வாசலில் கோழிக்குத் தீனி இறைத்துக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து அம்மாவின் சிரிப்புக் கேட்டது. "கிறுக்கன்! படிகாரத்தக் கொண்டுபோய்ச் சீமெண்ணெயில ஊறப் போட்டிருக்கறான் பாரு!"

அடுத்துக் கேட்டது வெடிச் சத்தம்.

என்ன நடந்தது என்பதைப் பிற்பாடு அவளே சொன்னாள். தம்பி இரண்டையும் ஒன்றாகக் கொண்டுவந்திருக்கிறான் என்று மகிழ்ந்து, சீமெண்ணெயை விளக்கில் ஊற்றிக்கொண்டாள். கட்டியைத் துணியில் துடைத்துத் தண்ணீர்க் குடத்தில் போட்டாள். படிகாரம் ஏன் சீறுகிறது என்று எட்டிப் பார்த்தாள்.

நான் ஓடியபோது அவள் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, "தண்ணி, தண்ணி" என்று அலறிக்கொண்டிருந்தாள். வாசல் தொட்டியில் சொம்பை முக்கி எடுத்து வந்தேன். மாமா பாய்ந்து வந்து அதைத் தட்டிவிட்டார். சொம்பு சுவர்வரை உருண்டது.

"தண்ணி வேண்டாம்! தண்ணி பட்டா எரியும்! விளக்கெண்ணெய் எடு!"

அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அப்பாவும், மொண்ட குடத்தோடு ஓடிவந்த பக்கத்துத் தோட்டத்து அத்தையைத் தடுத்து நிறுத்தினார். அம்மாவின் கண்களில் எண்ணெய் விட்டுத் துணியால் கட்டினோம். வண்டி பூட்டி நாமக்கல் போய், கரியில் ஓடும் பஸ் பிடித்துச் சேலம் ஆஸ்பத்திரி போய்ச் சேரப் பொழுது இறங்கிவிட்டது. வழியெல்லாம் அம்மா, "எரியுது, கொஞ்சம் தண்ணி வைங்க" என்று கெஞ்சிக்கொண்டே வந்தாள். மாமா அவள் கைகளை இறுகப் பிடித்திருந்தார். "பொறுத்துக்கக்கா, பொறுத்துக்க."

டாக்டர் கட்டைப் பிரித்தார். வெகுநேரம் பார்த்தார். வெந்த முட்டையின் வெள்ளைக்கருபோல இருந்தன அம்மாவின் கண்கள்.

"உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவினீர்களா?" என்று மாமாவைப் பார்த்துக் கேட்டார்.

அம்மாதான் பதில் சொன்னாள். வலியிலும் அவள் குரலில் ஒரு பெருமை இருந்தது.

"இல்லீங்க சாமி. எந்தம்பி காலேஜிப் படிப்புங்க. நா எத்தன கெஞ்சியும் ஒரு சொட்டுத் தண்ணி படவுடலீங்க."

டாக்டர் மாமாவை ஒருமுறை பார்த்தார். பிறகு எதுவும் கேட்காமல் தலையைக் குனிந்துகொண்டார். மாமாவின் படிப்பைக் கண்டு டாக்டரே பேச்சற்றுப் போய்விட்டார் என்று நினைத்து, நான் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஏன் அதை உதறிக்கொண்டு வெளியே ஓடினார் என்று மட்டும் எனக்கு விளங்கவில்லை.