லில்லி மேடத்தின் பன்னிரண்டு பொட்டலங்கள்

போன திங்கட்கிழமை காலை திருமுல்கேரி வீட்டில் டீ ஆற்றிக்கொண்டிருந்தேன். மகள் ஸ்டெல்லா போனைப் பார்த்துவிட்டு, "நைனா, லில்லி மேடம் போயிட்டாங்களாம்" என்றாள். டீயை அப்படியே வைத்துவிட்டேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல ஸ்டெல்லாதான் எழுதுகிறாள். மேடத்தைத் தெரிந்த நீங்கள் இதைக் கேட்க வேண்டும்.

மேடம் பாடம் நடத்திய பல்கலைக்கழகத்தின் அச்சகத்தில், புத்தகக் குடோன் என் பொறுப்பு. அட்டையின் நிறம், கனம், அடுக்கிய இடம், இவைதான் எனக்கு அடையாளம். யார் எந்தப் பெயரைச் சொன்னாலும் நேராகப் போய் எடுத்துக் கொடுப்பேன். எனக்குப் படிக்கத் தெரியாது என்று கண்டுபிடித்தவர் மேடம் ஒருவர்தான். யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நோட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"சவரி அண்ணே, நாங்க பேப்பர்ல எழுதி வைக்கிறத நீங்க எங்க வைக்கிறீங்க? அதச் சொல்லுங்க."

இப்படியே சனத்நகர் பட்டறைகளில் லேத்து ஓட்டுகிறவர்களிடமும் கேட்டு அலைந்தார். எழுத்து இல்லாமல் கையிலும் கண்ணிலும் வைத்துக்கொள்வதும் ஒரு படிப்புதான், அதற்கும் முறை உண்டு என்பது அவர் கட்சி. அதைத்தான் எங்கள் அச்சகம் புத்தகமாகப் போட்டது.

ஒரு புத்தகம் பிழைக்குமா என்பது குடோனிலிருந்து முதலில் போகும் பொட்டலங்களில் இருக்கிறது. பெரிய பேராசிரியர்கள் பன்னிரண்டு பேருக்கு இலவசப் பிரதி போகும். அவர்கள் மதிப்புரை எழுதினால் நூலகங்கள் வாங்கும், வகுப்புகளில் பேசுவார்கள். எழுதாவிட்டால் அது என்னோடுதான் இருக்கும்.

அந்த வருஷம் பார்த்து, புதிய டைரக்டர் அட்டைத் தாளை மொத்தமாக வாங்கிவிட்டார். எல்லாப் புத்தகத்துக்கும் ஒரே பச்சை. மேடத்தின் புத்தகமும் கோழி வளர்ப்புப் புத்தகம் ஒன்றும் ஒரே வாரத்தில் பைண்டிங்கிலிருந்து வந்தன. மேடத்தின் புத்தகம் என்று எடுத்துப் பொட்டலம் கட்டும்போதே கை சொன்னது, கனம் குறைகிறது என்று. கிளார்க்கிடம் காட்டிக் கேட்டிருக்கலாம். கேட்டால் என் விஷயம் வெளியே வரும், வேலை போகும். பேசாமல் கட்டினேன்.

ஒரு மாதம் கழித்து டெல்லியிலிருந்து ஒரு பொட்டலம் திரும்பி வந்தது. பன்னிரண்டு பேருக்கும் கோழிப் புத்தகம்தான் போயிருந்தது. அதை எடுத்துக்கொண்டு மேடம் குடோனுக்கு வந்தார்.

"அண்ணே, டெல்லி பேராசிரியர் இனிமே முட்டை வியாபாரம்தான் பண்ணணும்" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "கை சொல்லலையா?"

"சொல்லுச்சு மேடம். நான்தான் கேக்கல."

டைரக்டர் விசாரித்தபோது கதவருகில் நின்றிருந்தேன். "குடோனுக்குக் குடுத்த சீட்டுல நான்தான் புத்தக நம்பரத் தப்பா எழுதிட்டேன் சார்" என்றார் மேடம்.

"அப்படின்னா நக்கோ மேடம், முடியாது. புத்தகம் எழுதினவங்க தப்புன்னா ரெண்டாவது தடவ இலவசப் பிரதி கிடையாது. ரூல் அப்படி."

குடோன் தப்பு என்றிருந்தால் மறுபடி அனுப்பியிருப்பார்கள். ஸ்டெல்லாவுக்கு அப்போது மூன்று வயது. நான் வாயைத் திறக்கவில்லை. மேடமே நாலைந்து பேருக்குத் தபாலில் அனுப்பிப் பார்த்தார். அச்சகத்தின் கடிதம் இல்லாமல் வந்ததை யாரும் சட்டை செய்யவில்லை.

சில வருஷம் கழித்து வெளிநாட்டுப் பல்கலைக்கழக அச்சகம் ஒன்று, இதையே சொல்லும் வேறொருவர் புத்தகத்தைப் போட்டது. அது எல்லா நூலகத்துக்கும் வந்தது, எல்லார் வாயிலும் வந்தது. "படிச்சிட்டேண்ணே. நல்லாத்தான் எழுதியிருக்கான். எனக்குத்தான் ரெண்டு நாள் சோறு எறங்கல" என்றார் மேடம்.

அடக்கத்தன்று ஒரு பேராசிரியர் பேசினார். அந்த வெளிநாட்டுக் கருத்தை நம் ஊருக்குக் கொண்டுவந்தவர் என்று மேடத்தைப் புகழ்ந்தார். எழுந்து நின்றேன். எந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுவேன்? உட்கார்ந்துவிட்டேன்.

விற்காத புத்தகங்களை அரைத்துக் காகிதக் கூழாக்க லாரியில் ஏற்றிய நாளில், மேடத்தின் புத்தகத்தில் பன்னிரண்டு பிரதி கேட்டு வாங்கி வைத்தேன். ஒவ்வொன்றையும் கையில் தூக்கிப் பார்த்துத்தான் எடுத்தேன். என்னிடம் மேடம் என்று இருப்பது அவ்வளவுதான், கட்டிலுக்கடியில். அந்தப் பன்னிரண்டு பேரில் யார் இருக்கிறார்களோ தெரியாது. யாருக்கு அனுப்பலாம் என்று நீங்கள் சொல்லுங்கள். விலாசம் ஸ்டெல்லா எழுதுவாள். பொட்டலம் நான் கட்டுகிறேன்.