மேற்பார்வைக்குப் படிக்கிறவர்

கிருஷ்ணராசாவுக்குக் காது இருப்பது வாய்க்குத் தீனி சேர்க்க. லண்டன் ஹவுன்ஸ்லோவில் நடத்திய கடை படுத்த பிறகு அவர் உளவளத்துணை படித்தார். மனம் நொந்தவர்கள் வந்து அழுவார்கள். இவர் தன் பெருமையைச் சொல்லி அனுப்புவார். இப்போது மற்ற உளவளத்துணையாளர்களையே மேற்பார்வை செய்யப் பயிற்சி, இன்ரநெற்றில். சனிக்கிழமை காலையில் கமராவுக்குத் தெரிகிற மேல்பாதிக்குக் கோட்டும் கழுத்து ரையும், தெரியாத கீழ்ப்பாதிக்குச் சாரமுமாய் உட்காருவார்.

மனைவி குணசுந்தரி குசினியில் நின்று பார்ப்பாள். வாய் திறக்கமாட்டாள். மனதுக்குள் மட்டும் காறித் துப்புவாள்.

அன்று வகுப்பில் ஒரு கேஸை எடுத்து வைப்பது அவருடைய முறை. வகுப்பில் இருந்தவர்கள் எல்லோரும் தமிழர்.

"பேர் சொல்லமாட்டன். இரகசியம் காக்கிறது எங்கட தொழில் தர்மம்," என்று தொண்டையைச் செருமினார். "ஒரு பெண். மனுசன் அடிக்கிறவன். வாற கிழமை அவனுக்குத் தெரியாமல் பிள்ளையளோடை வெளிக்கிடப்போறா."

குசினியில் வெங்காயம் வெட்டிய கை நின்றது. மெற்றில்டா! விமானநிலையச் சமையற்கூடத்தில் குணசுந்தரியோடு வேலை செய்கிறவள். "என்ரை மனுசனிட்டைப் போய்க் கதை" என்று அனுப்பியதே குணசுந்தரிதான்.

"எந்த ஊர் ஆக்கள், அண்ணை?" சட்டன் பகுதியிலிருந்து வகுப்பில் சேர்ந்த அருள்மலர் கேட்டாள்.

எங்கள் ஆட்களிடம் பேரை மறைத்து என்ன பயன்? ஊரைச் சொன்னால் பேர் தானாக நடந்து வரும்.

"பாசையூர்," என்றார் கிருஷ்ணராசா, பரிசு வாங்கியவர்போல.

"புருசன் டென்மார்க்கிலை இருந்து வந்தவரோ? மீன்கடை?"

"அட, கண்டுபிடிச்சிட்டியள்!"

"ஐயோ, அவர் எங்கட அத்தான்ரை கூட்டாளி எல்லோ!"

குணசுந்தரி வந்து இன்ரநெற் வயரைப் பிடுங்கினாள். திரை அப்படியே உறைந்தது.

"உமக்கென்ன விசரே?" கிருஷ்ணராசா கத்தினார். "எல்லாரும் பாத்துக்கொண்டிருக்கினம்! நான் பேர் சொன்னனானோ?"

"இல்லை. வீட்டு வாசல்வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் விட்டனீங்கள்."

அவர், வரவு வெட்டுப்பட்டால் சான்றிதழ் தரமாட்டார்கள் என்று புலம்பிக்கொண்டு வயரைத் திரும்பச் செருக மேசைக்கு அடியில் புகுந்தார். சாரம் கதிரையில் சிக்கியது. அதைக் குனிந்து விடுவிக்கவும் அவளுக்கு மனம் வரவில்லை. போனை எடுத்தாள்.

"மெற்றில்டா, வாற கிழமைவரைக்கும் இருக்கவேண்டாம். உன்ரை மனுசன்ரை கூட்டாளி ஒருத்தனுக்கு விசயம் தெரியப்போகுது, அவன் போன் அடிக்க முதல் வெளிக்கிடு. பிள்ளையளின்ரை பாஸ்போட்டை மட்டும் எடு, உடுப்புப் பிறகு பாக்கலாம். நான் பஸ் நிலையத்துக்கு வாறன்."

"ஆரோடை கதைக்கிறீர்?" மேசைக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"உங்களுக்குச் சொல்லேலாது," என்றாள் குணசுந்தரி, கோட்டைப் போட்டுக்கொண்டு.