புதினாவுக்கு அடியில் ஒரு தொட்டி

ஏழாம் தடப் பேருந்தை அவள் பத்தொன்பது வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்தாள். பயணிகளுக்கு அவள் 'டிரைவரம்மா'. நாளடைவில் தெருவிலும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. அவளுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று வீட்டார் சொல்வார்கள். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் யாரையும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது, புகார் எழுதிவிடுவார்கள். எட்டு மணி நேரம் வாயைப் பூட்டிக்கொண்டு ஓட்டிவிட்டு வருகிறவளுக்கு, வீட்டுக்குப் பின்னால் இருந்த கண்ணாடிக் குடில்தான் மூச்சு விடும் இடம்.

பணிமனையில் கழித்துப் போட்ட பேருந்து ஜன்னல்களை அனுமதி வாங்கி எடுத்து வந்து, ஒவ்வொன்றாகச் சட்டத்தில் பொருத்தி அவளே கட்டிய குடில் அது. ஒரு கண்ணாடியில் 'அவசர வழி' என்ற சிவப்பு எழுத்து பாதி உரிந்தும் உரியாமலும் இருந்தது.

முதல் வருஷம் தக்காளியை மட்டும் நட்டாள். வெள்ளை ஈ மொய்த்து, இலையெல்லாம் பிசுபிசுவென்று ஆனது. அடுத்த வருஷம் தக்காளியின் காலடியில் திருநீற்றுப்பச்சிலையை வைத்தாள். ஈ அடியோடு ஒழிந்தது என்று அவள் இன்றும் சொல்லமாட்டாள். குறைந்தது, அவ்வளவுதான். பிடுங்கிய வேர்களில் முடிச்சு முடிச்சாக நூற்புழு கண்ட பாத்தியில் ஒரு பருவம் முழுக்கச் செண்டுமல்லியை நெருக்கமாக வளர்த்தாள். தக்காளி நிழலில் கீரை, கேரட் வரிசைகளுக்கு நடுவே வெங்காயம். சோம்புக்குப் பக்கத்தில் நின்ற தக்காளி இரண்டு வருஷம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே இருந்ததால், சோம்பு குடிலைவிட்டு வெளியே ஒரு பீப்பாய்க்குக் குடிபோனது.

அவளைப் படாத பாடு படுத்தியது புதினாதான். ஒருமுறை மண்ணிலேயே நட்டுவிட்டாள். அது மண்ணுக்கடியில் வேர்விட்டு ஓடி, நாலு தக்காளிச் செடியின் வேரைச் சுற்றி வளைத்துவிட்டது. தோண்டி எடுக்க இரண்டு நாள் விடுப்பு போனது. அதன் பிறகு புதினாவைத் தொட்டியில் வைத்து, தொட்டியை விளிம்பு வரை மண்ணில் புதைத்தாள். சூடு தாக்காமலிருக்க விளிம்பின்மேல் வைக்கோல். மேலே இருந்து பார்த்தால் மண்ணில் முளைத்தது போலத்தான் இருக்கும்.

அந்த வருஷம் அவளுடைய நாத்தனார், தான் உறுப்பினராக இருந்த தோட்டச் சங்கத்தின் போட்டிக்கு அவள் பெயரையும் கொடுத்துவிட்டாள். நடுவராக வந்தவர் கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். எல்லோரும் அவரைப் பேராசிரியர் என்றே அழைத்தார்கள். வாசலில் நின்றபடியே கைப்பேசியில் பத்துப் படம் எடுத்தார். ஷூவில் மண் படக்கூடாது என்று உள்ளே காலெடுத்து வைக்கவில்லை.

"இது குடில் இல்லம்மா, காடு. ஒரு பாத்திக்கு ஒரு பயிர்தான் இருக்கணும். வரிசையா நிக்கணும்," என்றார்.

"சும்மா கலந்து போடலீங்க, ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம்..."

அவர் காதில் வாங்காமல் திரும்பி நடந்தார். முடிவுத் தாளில் அவள் பெயருக்கு நேரே 'ஒழுங்கின்மை' என்று ஒற்றை வார்த்தை இருந்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்றாலும், சரி, அவர் கண்ணுக்கு அப்படித் தெரிந்தால் நாம் என்ன செய்வது என்று விழுங்கிக்கொண்டாள்.

நாலு மாதம் கழித்துச் சங்கத்தில் ஒரு கூட்டம். 'துணைப்பயிர்கள்: என் குடில் அனுபவங்கள், இரண்டாம் பகுதி.' பேசுபவர் பேராசிரியர். காடு என்று திட்டியவருக்கு இதில் என்ன அனுபவம் என்று பார்த்துவிடலாமென, வேலை முடிந்ததும் காக்கிச் சட்டையோடு நேரே போய் நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

திரையில் முதல் படம் விழுந்தது. தக்காளி, அதன் காலடியில் பச்சிலை, ஓரத்தில் செண்டுமல்லி. "இது என்னோட குடில்ல எடுத்தது," என்றார் பேராசிரியர். தக்காளிக்குப் பின்னால் கண்ணாடியில் சிவப்பாக 'சர வழி' தெரிந்தது.

நாத்தனார் அவள் கையைக் கிள்ளினாள். "அண்ணி! அது நம்ம ஜன்னல்!"

"தெரியுது. கிள்ளாத."

அடுத்த படத்தில் புதினா. "போன கூட்டத்துலயே சொன்னேன். தக்காளிக்கு அடியில புதினாவ நேரடியா மண்ணுல நடுங்க. நான் அப்படித்தான் செய்யறேன்."

மூன்றாவது வரிசையில் இருந்த ரொட்டிக் கடைக்கார அம்மாள் தயங்கித் தயங்கி எழுந்தாள். "ஐயா, நீங்க சொன்னீங்கன்னுதான் நட்டேன். இப்ப என் குடில்ல புதினாதான் இருக்கு. தக்காளியக் காணோம்."

"நீங்க தண்ணி அதிகமா விட்டிருப்பீங்க," என்றார் அவர், அலட்சியமாக. "சொன்னதைச் சரியாக் கேக்கறதில்ல, அப்புறம் செடி மேல பழி."

அந்த அம்மாள் முகம் சுருங்கி உட்கார்ந்தாள். டிரைவரம்மாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. படத்தைத் திருடினதைக்கூட இன்னும் கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பாள்.

எழுந்து நின்றாள். "அவங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க. அந்தப் படத்துல இருக்கிற புதினா மண்ணுலயே இல்ல. தொட்டியில இருக்கு. தொட்டி மண்ணுக்குள்ள இருக்கு."

"நீங்க யாரு?"

"காடுன்னு சொல்லிட்டுப் போனீங்களே, அந்தக் காட்டுக்குச் சொந்தக்காரி."

கூடத்தில் சலசலப்பு எழுந்தது. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "செடிக்கெல்லாம் யாரும் உரிமை கொண்டாட முடியாதும்மா. அறிவு பொதுச் சொத்து."

"பொதுச் சொத்துதான். அப்ப 'என் குடில்'னு எதுக்குப் போட்டீங்க? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா தொட்டியையே தூக்கிக் காட்டியிருப்பேன். உள்ள கால் வைக்கக்கூட உங்களுக்கு மனசு வரல. எட்டிப் பாத்து எடுத்த படத்துல தொட்டி எப்படிங்க தெரியும்? உங்களுக்குத் தெரியாததுக்கு இவங்க தக்காளி போச்சு, கடைசியில இவங்களுக்கே திட்டு!"

அவர் வாய் திறப்பதற்குள் சங்கச் செயலாளர் குறுக்கே வந்து, தேநீர் ஆறுகிறது என்று கூட்டத்தை முடித்துவிட்டார். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

ஆனால் வாசலில் பதினோரு பேர் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். பதினோரு பேரும் புதினாவை மண்ணில் நட்டவர்கள். அடுத்த வார விடுமுறை நாளில், புதினாவைத் தோண்டி எடுக்கும் வேலையை டிரைவரம்மா ரொட்டிக் கடைக்கார அம்மாள் வீட்டில் ஆரம்பித்தாள். முட்டி போட்டு மண்ணைக் கிளறி, வெள்ளை வேர்களை இழுத்து வாளியில் போட்டபடியே திட்டிக்கொண்டிருந்தாள். "மேல கிள்ளிப் போட்டாப் போகாதும்மா. விரல் நீளத்துக்கு ஒரு துண்டு தங்கினாலும் திரும்ப வந்துரும். நேரடியா நடணுமாம், நேரடியா! வெக்கமில்லாம சொல்றாரு பாருங்க!"

"யாரைத் திட்டறீங்க, புதினாவையா?" என்று அந்த அம்மாள் சிரித்தாள்.

"புதினா என்னங்க பண்ணும், பாவம்."

மாதக் கடைசியில் சங்கத்தின் இதழ் வந்தது. கடைசிப் பக்கத்தில், எறும்பு ஊர்வது போன்ற சின்ன எழுத்தில் ஒரு வரி: 'படம் உதவி: ஒரு பேருந்து ஓட்டுநரின் மனைவி.'

கைக்கடிகாரம் பழுது பார்க்கும் அவள் கணவன் உருப்பெருக்கியை வைத்துப் படித்துவிட்டு, "நான் எப்போ பஸ் ஓட்டினேன்?" என்று விழுந்து விழுந்து சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. இதழைச் சுருட்டிக்கொண்டு நேரே செயலாளர் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள். காக்கிச் சட்டையைப் பார்த்தும் அவர், "உங்க வீட்டுக்காரர் வரலையா?" என்று கேட்டார்.

"அவருக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதுங்க. நான் சொல்றேன், நீங்க அடிங்க." அவர் தட்டச்சு செய்து முடிக்கும்வரை நகரவில்லை.

அடுத்த இதழில் முதல் பக்கத்திலேயே வந்தது: படத்திலுள்ள குடிலும் நடவு முறையும் ஏழாம் தடப் பேருந்தின் ஓட்டுநருடையவை, புதினாவைத் தொட்டியோடுதான் புதைக்க வேண்டும் என்று.

பேராசிரியர் இன்றுவரை அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் கோபமும் ஆறவில்லை. இந்த வருஷப் போட்டிக்குத் தானே பெயர் கொடுத்திருக்கிறாள். ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிற நடுவரை அனுப்பும்படி ஒரு மனுவும் கூடவே இணைத்திருக்கிறாள்.