முகத்துக்குப் போடும் ஊசி, முதலில் கைக்கு

முகத்திலுள்ள பள்ளத்தை நிரப்புவது ரோட்டிலுள்ள பள்ளத்தை நிரப்புவதைவிடக் கஷ்டம். ரோடு கண்ணாடி பார்ப்பதில்லை. எண்பதுகளில் மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனில் ஒரு தோல் கிளினிக்கில் நர்ஸாக, அந்த ஊர்ப் பேச்சில் ‘மிஸ்ஸி’யாக, இருந்தேன். மாட்டுத் தோலிலிருந்து எடுக்கும் கொலாஜன் என்ற மருந்து அப்போதுதான் வந்திருந்தது. சுருக்கத்திலும் வடுவிலும் ஊசியால் ஏற்றினால் பள்ளம் மேலே எழும்பும். சில மாதம் நிற்கும். டாக்டர் ஊசி போடுவார். விளக்கம் சொல்லித் திட்டு வாங்குவது என் பங்கு. கவுன்டருக்குப் பின்னால் நின்று பிழைத்தவர்களுக்கு இது புரியும்.

கை எதற்கு?

எடுத்தவுடனே முகத்தில் போட முடியாது. முன்கையில் ஒரு துளி போட்டு நான்கு வாரம் காத்திருக்க வேண்டும். அந்த இடம் சிவந்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். முகத்தைத் தொட மாட்டோம். துணிக்கடை வைத்திருந்த அக்கா ஒருவர், மறுநாள் விருந்துக்கு நெற்றிச் சுருக்கம் போயாக வேண்டும் என்று வந்தார். கையை நீட்டச் சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“பிரேக் பழுதுன்னு கெரேத்தாவ ஒர்க்ஷாப்புக்கு ஓட்டிட்டு வந்தா, ஹார்ன் அடிச்சா பார்ப்பாங்க, மிஸ்ஸி?”

மாடு

மருந்து எதிலிருந்து வருகிறது என்று சொல்லாமல் ஊசி போடக் கூடாது என்பது டாக்டரின் கட்டளை. ‘மாடு’ என்றதும் நம்மவர்களில் பாதிப் பேர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள். நானும் மாட்டிறைச்சி தொடாதவள்தான். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு மிருதங்க வாத்தியாரின் மனைவி மட்டும் எழுந்திருக்கவில்லை. சுத்த சைவம். கையை நீட்டினார்.

“எங்க வீட்டுக்காரர் கோயில்ல தட்டுறதும் அந்தத் தோல்தானே, மிஸ்ஸி. சாமி ஒன்னும் சொல்லலியே.”

மஞ்சள்

கமலா அக்கரையிலுள்ள பாகான் டாலாமிலிருந்து ஃபெரி ஏறி வருவாள். எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை. கன்னத்தில் அம்மை வடு. அதைப் பார்த்துவிட்டு இரண்டு மாப்பிள்ளை வீட்டார் காப்பியைக் குடித்துவிட்டுப் பதில் சொல்லாமலே இருந்துவிட்டார்கள். அடுத்து சுங்கை பாக்காப் என்ற ஊரிலிருந்து இன்னொரு வீட்டார் வரவிருந்தார்கள். அதற்குள் வடுவை மறைத்துவிட வேண்டும் என்பதுதான் அவள் கவலை.

நான்கு வாரம் கழித்து வந்தபோது முன்கை முழுக்க மஞ்சள். மாரியம்மனுக்கு வேண்டுதல் என்றாள். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். அடியில் சிவந்து தடித்திருந்தது. டாக்டர் முடியாது என்று சொல்லிவிட்டார். அவள் அழவில்லை, என் கையிலிருந்த மஞ்சள் பஞ்சைப் பார்த்தாள்.

“கைய மஞ்சப் பூசி மறைச்சிட்டேன். முகத்த எதப் பூசி மறைக்கிறது, மிஸ்ஸி?”

மாப்பிள்ளை வீட்டார்

கொஞ்ச நாளில் லட்டு டப்பாவோடு வந்து நின்றாள். சுங்கை பாக்காப்காரர்களோடு நிச்சயம் ஆகிவிட்டதாம். கன்னத்தை என்ன செய்தாய் என்று கேட்டேன்.

“ஒன்னும் செய்யல லா. காப்பித் தட்ட நீட்டுனப்ப மாப்பிள்ளையோட அம்மா என் கையில இருந்த சிவப்பப் பார்த்துட்டாங்க. பூச்சிக் கடின்னேன். மறுநாளே தைலத்தக் குடுத்து மகன அனுப்பிட்டாங்க, மிஸ்ஸி. கன்னத்தப் பத்தி இன்னைக்கு வரைக்கும் யாரும் ஒரு வார்த்த கேக்கல.”

எத்தனையோ முகங்களை நிரப்பி அனுப்பிய எங்கள் கிளினிக்குக்கு லட்டு வந்தது, தொட மாட்டோம் என்று திருப்பி அனுப்பிய முகத்திடமிருந்துதான்.